எருவில் உறங்கும் நெருப்பு

எரு என்பதும் எரி என்பதும் செவிக்கு உடன்பிறந்த சொற்களே போலத் தோன்றும். இரண்டிற்கும் வேர் ஒன்றே என்று வாதாட யான் முன்வரவில்லை; சொல்லாராய்ச்சி வல்லார் அதனை ஆராய்வாராக. ஆயினும், ஒலியால் அடுத்து நிற்கும் இவ்விரண்டும் பொருளாலும் ஒன்றனுள் ஒன்று அடங்கியிருக்கின்றன. இதனை நூல்களிற் கற்று அறிந்தேன் அல்லேன். என் பழைய மாணாக்கர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலருகே நின்றே அறிந்துகொண்டேன்.

தமிழ் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவன் சாணக் குழியைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வியத்தல் கூடும். உழவைப் பாட வந்த வள்ளுவர் உழுதலினும் உரமிடுதலை உயர்த்திப் பேசினார். அப்பெருந்தகையின் நூலை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லிக் கொடுப்பவனுக்கு எருவைப் பற்றி எழுத நாணம் எதற்கு?

அம்மாணாக்கர் என்னிடம் கேட்ட வினா ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. “சேர், நாலு மாடு வச்சிருக்கிறவனுக்கு இந்தச் சாணிக் காஸ் கட்டுபடியாகுமா? இல்லாட்டி இதுவும் போடிமாருக்குத்தானா?” என்றார் அவர்.

இலக்கணத்தில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை பகர்ந்திருப்பேன். இவ்வினாவுக்கு விடை காண எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஈராண்டில் இரு பஞ்சம்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எங்கள் கரையோர ஊர்கள், கிழக்கே கடலையும் மேற்கே வயல்வெளியையும் எல்லையாக உடையவை. கடலை நம்பிப் பாதி, வேளாண்மையை நம்பிப் பாதி என வாழ்கின்ற ஊர்கள் இவை. நெல்விளைவில் நாட்டின் முன்னணியில் நிற்கும் அம்பாறை மாவட்டத்து உழவனுக்கு 2021ஆம் ஆண்டு மறக்க முடியாத ஆண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியபோதிலும், பெரும்போக விதைப்பு அதற்குள் நடந்துவிட்டது. உரமின்றி மஞ்சளித்த பயிரை வரம்பில் நின்று பார்த்த முகங்களை யான் அறிவேன்.

அடுத்த ஆண்டில் அடுப்பு அணைந்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுத்தும் பெறுவார்க்குக் கிடைக்கவில்லை. விடியுமுன் வெறுஞ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடி, மாலையில் அதே வெறுஞ் சிலிண்டரை வீட்டுக்கு உருட்டி வந்தவர்களுள் யானும் ஒருவன். வீட்டில் மனைவி பழைய கல்லடுப்பைத் தேடி எடுத்தாள். ஈர விறகின் புகையில் உம்மாவின் இருமல் கூடிற்று.

உரமில்லை என்று ஓராண்டு அழுதோம். எரிபொருளில்லை என்று மறு ஆண்டு அழுதோம். இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்ல பொருள் எங்கள் கொட்டில்களிலும் பட்டிகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்நாளில்தான் என் மாணாக்கர் அவ்வினாவைத் தொடுத்தார்.

துருப்பிடித்த நினைவு

அவர் கேட்டவுடன் என் நெஞ்சில் எழுந்தது நம்பிக்கையன்று, ஐயமே. அதற்கொரு காரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில், யான் சிறுவனாய் இருந்த காலத்தே, எங்கள் உறவினரான போடியார் ஒருவரின் வளவில் ஓர் அலுவலகத்தார் வந்து பெருங்குழி ஒன்று அகழ்ந்தனர். அதனுட் சாணத்தைக் கரைத்து ஊற்றி, மேலே கவிழ்த்த அண்டா போன்றதோர் இரும்புத் தொட்டியை மிதக்கவிட்டனர். காற்றுச் சேரச் சேரத் தொட்டி மேலெழுவதையும், அடுப்பெரிய எரியக் கீழிறங்குவதையும் காணச் சிறுவர் நாங்கள் கூட்டமாய்ச் செல்வோம்.

அப்புதுமை நெடுநாள் நிலைக்கவில்லை. எங்கள் கடற்காற்று இரும்புக்குப் பகை. ஆண்டுதோறும் தொட்டிக்கு வண்ணம் பூச வேண்டும் என்பதைச் சொல்லிச் சென்றவர் மீண்டும் வரவில்லை. தொட்டியில் ஓட்டை விழுந்தது; ஓட்டை வழியே வாயு போயிற்று; வாயு போனதும் சாணம் கரைப்பாரும் இலராயினர். இறுதியில் அவ்விரும்புத் தொட்டி கோழிகள் முட்டையிடும் இடமாயிற்று. “சாணியில சோறாக்கப் போனாரு” என்று போடியாரை ஊரார் நெடுநாள் நகைத்தனர். ஒரு குழி பழுதானால் ஒரு குடும்பத்தின் பணம் போகும். அதனைக் கண்டு நகைத்த ஊரில் அடுத்த குழி தோன்ற ஒரு தலைமுறை செல்லும்.

எங்கள் ஊரில் நேர்ந்தது எங்கள் ஊருக்கே உரிய விதியன்று. இலங்கைக்குச் சாணவாயு முறை 1970களில் வந்தது. இடைநிலைத் தொழினுட்பத்தை வளர்க்கும் ஓர் அமைப்பு 1996ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், அதுவரை நாட்டில் அமைக்கப்பட்டிருந்த சுமார் 5,000 கலன்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே செவ்வனே இயங்கியமை தெரியவந்தது. சாணத்தில் நெருப்பு இல்லாமற் போனதன்று. அதனைக் காத்து நிற்கும் கை இல்லாமற் போனதே காரணம்.

காற்றுப் புகாக் குழியில் நிகழ்வது

இதன் தத்துவம் மிக எளியது. 1776ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து எழுந்த குமிழிகளைத் திரட்டி, அவை எரிவதைக் கண்டார். எங்கள் வில்லுகளிலும் குளங்களின் சேற்றிலும் கம்பை ஊன்றினால் எழும் குமிழி அதுவே. காற்றுப் புகாத இடத்தில் இலையும் தழையும் சாணமும் கிடந்து அழுகும்போது, கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று மெதேன் எனும் வாயுவைக் கக்குகின்றன. சாணவாயுவில் மெதேன் 50 முதல் 70 வீதம் வரை இருக்கும். எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஐதரசன் சல்பைட்டே அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். எரியும்போது அந்நாற்றம் தோன்றாது.

இதனை ‘உயிர்வாயு’ என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். யான் அதனை ஏற்கத் தயங்குகிறேன். நாம் மூச்சிழுக்கும் ஒட்சிசனையே முன்னோர் பிராணவாயு என்றும் உயிர்வாயு என்றும் வழங்கினர். அப்பெயரை இதற்குச் சூட்டினால், மூச்சுக்கு ஆகாத ஒன்றை மூச்சாகக் கருதும் மயக்கம் மாணாக்கர்க்கு நேரும். ‘சாணவாயு’ என்பது சாலும். சந்தையில் ‘பயோகாஸ்’ என்றாலும் குற்றமில்லை.

இந்நுண்ணுயிர்களுக்கு வெப்பம் வேண்டும். பாகை 30க்கும் 37க்கும் இடைப்பட்ட வெம்மையில் அவை சுறுசுறுப்பாய்த் தொழில் செய்யும். குளிர்நாட்டார் கலனைச் சூடேற்றப் பொருள் செலவிடுகின்றனர். நமக்கோ அவ்வெம்மையைக் கதிரவன் விலையின்றி வழங்குகின்றான்.

விலை எங்கே இருக்கிறது?

சாணம் விலையில்லாப் பொருள்; கதிரவன் வெம்மையும் அத்தகையதே. அவ்வாறாயின், இது ஏழைக்கு எட்டாக் கனியானது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இந்தியாவின் வரலாறு விடை தருகின்றது.

1939ஆம் ஆண்டளவில் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் தேசாய் என்பார் இச்சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் தொட்டியுடைய கலனை வகுத்து அதற்குக் ‘கிராமலட்சுமி’ எனப் பெயரிட்டார். 1960களின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணைக்குழு அதனை ஏற்றுப் பரப்பிற்று. எங்கள் போடியார் வளவில் யான் கண்டது அவ்வினத்தைச் சேர்ந்ததே. நல்ல கலன்தான், எனினும் செலவின் பெரும்பகுதியை இரும்புத் தொட்டியே விழுங்கிவிடும். ஆகவே அது கொழுத்த விவசாயியின் வளவிலேயே நின்றது.

இரும்பை நீக்கினாலன்றி விலை இறங்காது என உணர்ந்த உத்தரப் பிரதேசத்து ஆய்வாளர், சீன நாட்டுக் குழிகளின் வழியைப் பின்பற்றி 1978இல் ‘ஜனதா’ என்னும் கலனைச் சமைத்தனர். செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆன அசையாக் கவிகை அதற்கு மூடி. அதனையும் சுருக்கி, 1984இல் அப்ரோ என்னும் தொண்டு நிறுவனம் ‘தீனபந்து’வை உருவாக்கிற்று. கோளத்தின் இரு துண்டங்களை ஒன்றோடொன்று பொருத்தினாற் போன்றது அதன் வடிவம். கோள வடிவத்திற்குப் பரப்புக் குறைவு. பரப்புக் குறையின் கல்லும் சாந்தும் குறையும். அவை குறையின் விலையும் குறையும். தீனர் என்பார் எளியோர். பந்து என்பது உறவு. எளியோர்க்கு உறவினன் எனப் பெயரிட்டவர், விலையைக் குறைத்த பின்னரே அப்பெயரைச் சூட்டினர் என்பதே இதன் சிறப்பு.

இவற்றினும் மலிந்தது பொலித்தீன் குழாய்க் கலன். கால்நடையியல் அறிஞரான பிரெஸ்ரன் முதலியோரின் முயற்சியால் 1990களில் வியட்நாமில் ஆயிரக்கணக்கில் இது பரவிற்று. நீண்ட பையொன்றைப் பள்ளத்திற் கிடத்தி, ஒருபுறம் சாணக்கரைசலை விட்டு மறுபுறம் கழிவை எடுப்பதே அதன் அமைப்பு. எங்கள் கரையில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆழக் குழி தோண்ட இயலாத மணல்நிலத்துக்கு இது ஏற்றதாகவே தோன்றும். ஆயினும் வெயிலும் ஆட்டின் குளம்பும் பொலித்தீனுக்கு எமன். வேலியும் நிழலும் அமைத்துப் பேணினாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பையை மாற்றவே வேண்டும்.

நாலு மாட்டுக் கணக்கு

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு யான் மாணாக்கரின் இல்லம் சென்றேன். நிந்தவூருக்கு மேற்கே வயலைத் தொட்ட வளவு அது. கரும்பலகையில் எழுதுவது போலக் கொட்டில் நிலத்திற் கோல்கொண்டு கணக்குப் போட்டோம். இக்கணக்கை வாசகரும் உடனிருந்து பார்த்தல் நன்று.

கொட்டிலில் நின்று தின்னும் நல்ல பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணமிடும். சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கன மீற்றர் வாயு பெறலாம். அது சுமார் மூன்றரைக் கிலோ விறகுக்கும், ஏறத்தாழ அரைக் கிலோ சிலிண்டர்க் காசுக்கும் ஈடு. நாள்தோறும் ஒரு கன மீற்றர் கிடைப்பின், மாதத்துக்கு ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம். ஓரடுப்பு இரண்டு முதல் மூன்று மணி நேரம் எரியும். சிறு குடும்பம் ஒன்றின் சமையலுக்கு அது பெரும்பாலும் போதும்.

இது ஏட்டுக் கணக்கு. எங்கள் மாடுகளோ நாட்டு மாடுகள். பகல் முழுதும் மேய்ச்சலில் நிற்பவை. வேளாண்மைக் காலத்திற் பட்டிகள் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடும். வீட்டில் இரவு கட்டும் மாட்டிடம் விடியலில் அள்ளக் கிடைப்பது நாலைந்து கிலோ. நாலு மாட்டுக்கும் கூட்டினாலும் 25 கிலோ தேறாது.

விலைக்கணக்கோ அதனினும் வன்மையாய் நின்றது. மேசன் கூலியும் செங்கல்லும் சீமெந்தும் குழாயும் அடுப்பும் சேர்த்துப் பார்த்தபோது, நல்ல கறவைப் பசு ஒன்றின் விலைக்குச் சற்று மேலாயிற்று. மாணாக்கரிடம் வேறு பணமில்லை. “ஒரு மாட்ட வித்துக் குழியைக் கட்டலாம் சேர். ஆனா மாட்ட வித்தாக் குழிக்குச் சாணி எங்க?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பில் நகையில்லை. ஏழையின் முட்டுப்பாடு முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கிற்று.

வழி பிறந்தது அவருடைய மாமியிடமிருந்து. எங்கள் பகுதியில் மணமகன் பெண்ணின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம் என்பதை அயலூர் வாசகர்க்குச் சொல்ல வேண்டும். பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பர். அதனாற் சகோதரிகள் அடுத்தடுத்த வீடுகளில், சிலவிடத்து ஒரே வளவில், வாழ்வர். மாணாக்கரின் வளவில் மூன்று சகோதரிகளின் மூன்று குசினிகள். மூத்தவளின் கணவருக்கு இரண்டு மாடுகள் உண்டு. “நாலும் ரெண்டும் ஆறு. வளவு ஒண்டு, கிணறு ஒண்டு. குழி மட்டும் ஏன் ரெண்டு?” என்றார் மாமி. கணக்கு ஆசிரியர்க்கும் தோன்றாத விடை!

ஆறு மாட்டின் இரவுச் சாணம் சுமார் 25 கிலோ. அதனோடு அதேயளவு நீர் கலந்தால் நாளொன்றுக்கு 50 லீற்றர் கரைசல். அது 40 நாள் குழியில் தங்கி நொதிக்க 2,000 லீற்றர், அதாவது இரண்டு கன மீற்றர் இடம் வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டுவதில்லை. பெருமைக்காகப் பெரிதாய்க் கட்டுவதே பலர் செய்த பிழை. சாணத்தின் அளவே குழியின் அளவு. குழியின் அளவே விலையின் அளவு.

உம்மாவின் ஐயம்

இக்கதையை வீட்டிற் சொன்னபோது உம்மா முகம் சுளித்தார். “மாட்டுச் சாணியில ஆக்கின சோத்த எப்படி மகன் தின்னுற?” என்றார். இதனை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. எங்கள் பகுதியினர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் கால்நடைச் சாணம் நஜீஸ் எனக் கொள்ளப்படும். அதனை அள்ளிய கையோடும் தெறித்த உடையோடும் தொழ இயலாது. ஆகவே பெண்கள் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தைப் போக்காமல் எவ்வளவு மலிவாய்க் கட்டினாலும் அக்குழி வெறுங்குழியாகவே முடியும்.

எங்கள் மௌலவி ஒருவரிடம் இதனைக் கேட்டேன். சாணம் குழியில் இருக்கிறது. அடுப்புக்கு வருவது வாயு. சோற்றுக்கும் சுடருக்கும் நடுவே பானை இருக்கிறது. கையையும் உடையையும் கழுவித் தூய்மை செய்வதே கவனிக்க வேண்டியது என்றார். இவ்விடை கேட்டு மாணாக்கர் குழியருகே தண்ணீர்க் குழாய் ஒன்று வைத்தார். கரைப்பதற்கென ஒரு சாரத்தையும் ஒதுக்கினார். சிறு செலவு, ஆயினும் அக்குழாய் இன்றி அவ்வளவுப் பெண்கள் சாணத்தின் பக்கம் வந்திரார்.

எரியாத முதல் நாள்

குழி கட்டும் பணி கோடையில் தொடங்கிற்று. மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து வெறுங்குழியை மிதத்திவிடும் என்பதால், நீர் தாழ்ந்த காலத்தைத் தேர்ந்தனர். ஆழத்தைக் குறைத்துப் பாதியை நிலத்துக்கு மேலே எழுப்பி, கவிகையின் மேலும் பக்கங்களிலும் மண்ணை அணைத்தனர். முதல் நிரப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோ சாணம் வேண்டியிருந்தது. உறவினர் ஒருவரின் பட்டியிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தனர்.

மூன்று வாரம் கழிந்து, யானும் இருந்த ஒரு மாலையில், அடுப்பின் திருகைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார் மாணாக்கர். உஸ் என்றது, எரியவில்லை. மறு குச்சி, அதுவும் அணைந்தது. வேலிக்கப்பால் யாரோ சிரித்த ஒலி கேட்டது. நாற்பது ஆண்டுக்கு முன் போடியாரின் தொட்டியைச் சுற்றி எழுந்த சிரிப்பு என் செவியில் ஒலித்தது. கடன்பட்டுக் கட்டிய குழி. அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை.

பின்னரே காரணம் தெளிந்தது. முதலில் எழும் வாயுவிற் காற்றும் காபனீரொட்சைட்டும் மிகுந்திருக்கும், அது எரியாது. காற்றுக் கலந்த வாயுவைக் குழாய் முனையிற் கொளுத்த முனைவது இடருமாகும். எனவே அதனைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு மீண்டும் சேரக் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறே செய்தனர். சில நாள் கழித்து ஒரு வைகறையில் என் தொலைபேசி ஒலித்தது. “சேர், நீலமா எரியுது!” என்னும் குரல் கேட்டது, அதன் பின்னால் மாமியின் குரலும் கேட்டது.

சிறு நுணுக்கங்கள் வேறு சிலவும் உள. சிலிண்டர்க் காசுக்குரிய அடுப்பின் துளை இதற்குப் போதாது. இவ்வாயுவின் அழுத்தம் குறைவாதலின் துளையைப் பெருக்கல் வேண்டும். குழாயில் நீர் தேங்கிச் சுடர் துடித்தால் வடித்துவிட வேண்டும். கசிவு உண்டோ என்பதைச் சவர்க்கார நீர் தடவிப் பார்க்க வேண்டுமேயன்றி நெருப்புக் காட்டிப் பார்த்தல் கூடாது. உப்பு மிகுந்த கிணற்று நீர் நுண்ணுயிர்க்கு ஆகாது. ஒரு முற்பகலிற் கற்றுக்கொள்ளக்கூடியவை இவை. கற்பிக்க ஆளில்லாமையாலேயே பல குழிகள் பாழாயின.

எரிந்த பின்னும் எரு

விறகை எரித்தால் எஞ்சுவது சாம்பல். வரட்டியை எரித்தாலும் அதில் இருந்த நைதரசன் புகையோடு போய்விடும். சாணவாயுக் குழியின் அருமை என்னவெனின், வாயுவாய் வெளியேறுவது காபனும் ஐதரசனும் ஒட்சிசனுமே. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் பயிருணவு ஏறக்குறைய முழுவதும் வெளிவரும் கரைசலிலேயே தங்கும். நாற்றமும் குறைகின்றது, களைவிதைகளிற் பலவும் முளைக்குந் திறன் இழக்கின்றன.

நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் என்றால் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் கிலோவுக்கு மேல். அதிலடங்கும் நைதரசன் ஏறத்தாழ ஒன்றரை மூட்டை யூரியாவுக்கு ஈடாகும். ஓர் ஏக்கர் வேளாண்மைக்கும் அது முற்றாகப் போதாது என்பதை மறைத்தல் அறமன்று. சாணம் இரசாயன உரத்தை அடியோடு அகற்றிவிடும் என்று மேடையிற் பேசுவோர் வயலில் நின்று பேசட்டும். ஆயினும் சிதறிக் கிடந்து மழையிற் கரைந்து போன பொருள் இன்று மாணாக்கரின் கத்தரிப் பாத்திக்கும் தென்னையடிக்கும் போகின்றது. மிஞ்சியது வயலுக்குப் போகின்றது. குழியின் விலையை அடுப்போடு மட்டும் நிறுத்திக் கணக்கிடுவோர் பாதி வரவை எழுதாமல் விடுகின்றனர்.

மாடில்லாதார்க்கும் வழி முற்றாக அடைபட்டதில்லை. எக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையும் சந்தைக் கழிவையும் ஒருமுறை நிரப்பிச் சில மாதங்களுக்கு வாயு பெறும் உலர்முறைக் கலனை வகுத்தது. அறுவடை முடிந்ததும் வயல்வயலாய் வைக்கோலைக் கொளுத்தும் எங்கள் நாட்டில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது. மடுவங்களிற் கொட்டப்படும் குடற் சாணமும் குழிக்கு நல்லுணவே.

கடனும் காவலும்

குழிக்கான பணம் எவ்வாறு வந்தது? மாட்டை விற்கவில்லை. குடும்பத்து மூத்தவர் ஒருவர் வட்டியில்லாக் கடன் கொடுத்தார். எங்கள் சமூகத்தார் வட்டிக்கு அஞ்சுவோர். வங்கிக் கடன் என்றால் பின்வாங்குவோர். ஆதலின், ‘கடன் கொடுக்கிறோம், கட்டுங்கள்’ என்னும் திட்டம் எதுவும் இங்கே பாதித் திட்டமே. அழகிய கடன் என்று மார்க்கம் போற்றும் வட்டியில்லாக் கடனை, பள்ளிவாசல்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இப்பணிக்கு வழங்க முன்வருமாயின், மாதந்தோறும் மிச்சமாகும் சிலிண்டர் விலையே தவணையாய்த் திரும்பி வரும்.

கடனினும் பெரிது காவல். நேபாளத்தைப் பாருங்கள். அந்நாட்டின் மலைக்குளிர் சாணவாயுவுக்குத் தடை; செல்வத்திலும் நம்மினும் குறைந்த நாடு. எனினும் 1992இல் தொடங்கிய சாணவாயு உதவித் திட்டத்தின் பின் அங்கு இலட்சக்கணக்கான இல்லங்களில் இவ்வடுப்பு எரிகின்றது. அளவறிந்த மானியம், எளிய கடன் என்பவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்தனர். கட்டிய நிறுவனமே பின்வரும் ஆண்டுகளில் வந்து பார்த்துப் பழுதுநீக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. பொறுப்பேற்கும் மேசன் ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருப்பின் எங்கள் போடியாரின் தொட்டி கோழிக்கூடாய் முடிந்திராது. பல்கலைக்கழகமும் தொழினுட்பக் கல்லூரிகளும் உள்ள எங்கள் மாவட்டத்தில் அத்தகைய மேசன்மாரைப் பயிற்றுவது அரிய செயலன்று.

வினாவுக்கு விடை

நாலு மாட்டுக்காரனுக்குச் சாணவாயு கட்டுபடியாகுமா? தனியே நின்றால் ஆகாது; சேர்ந்தால் ஆகும். சாணமும் வளவும் கடனும் பழுதுபார்க்கும் பொறுப்பும் ஒன்று சேரும்போது, போடிமாரின் பொருளாயிருந்தது எளியோரின் பொருளாகும். ஓராண்டு அலைந்து யான் கண்ட விடை இதுவே.

எல்லாம் இனிதே முடிந்தன என்று எழுதிவிட ஆசைதான். உள்ளதைச் சொல்கிறேன். மாரியில் நாலைந்து நாள் விடாமழை பெய்தால் வாயு குறைகிறது. சோற்றுப்பானை மீண்டும் விறகடுப்புக்குப் போகிறது. காலையிற் சாணம் கரைப்பது யார் முறை என்பதில் அக்கை தங்கையர் இருவர்க்கும் இடையே ஒருமுறை பேச்சு நின்றது. மாமி தலையிட்டு நாள் வகுத்துக் கொடுத்தார். உடன்பிறந்தார் சேர்ந்து நடத்துவதும் எளிதன்று. உடன்பிறந்தார் என்பதால் மீண்டும் சேர்கின்றனர்.

அண்மையில் அங்குச் சென்றபோது மூன்றாம் சகோதரி தேநீர் கொண்டுவந்தாள். அவள் கணவர் கடற்றொழிலாளி, மாடு இல்லை. அவளுடைய குசினிக் கூரையில் மட்டும் இன்னும் புகை எழுகின்றது. “மச்சான், எனக்கும் ஒரு குழாய் இழுத்துத் தாங்களன்” என்று அவள் என் மாணாக்கரிடம் கேட்டாள். ஆறு மாட்டுச் சாணத்தில் மூன்று குசினி எரியாது என்பதை அவரும் அறிவார், அவளும் அறிவாள். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “ரெண்டு நாகு கண்டு வளருது, அது பெரிசாகட்டும்” என்றார்.

கொட்டிலின் ஓரத்தில் அக்கன்றுகள் இரண்டும் வைக்கோலை மென்றுகொண்டு நின்றன.